அழுக்கு எங்கே போகிறது? வெள்ளாவி முதல் கரிவளிச் சலவை வரை

முன்னுரை

செமிலிங், மெர்போக், பீடோங் வட்டாரத்தில் வாழும் நமக்கு வரலாறு என்றவுடன் புஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களும், 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் கடாரத்தின்மீது மேற்கொண்ட படையெடுப்பும் நினைவுக்கு வருகின்றன. அரசனின் வெற்றியைச் சொல்ல மெய்க்கீர்த்தி இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து பல நூற்றாண்டுகளாகக் கெடாத் துறைமுகத்திற்கு வணிகப் பொருளாக வந்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களுக்கு மெய்க்கீர்த்தி இல்லை. அவர்களுடைய தொழிலும் அறிவே. அதற்கும் வரலாறு உண்டு.

அத்தொழிலின் வரலாற்றை நாம் இங்கு ஒரே ஒரு கேள்வியைக் கொண்டு ஆராய விரும்புகிறோம். துணியைவிட்டு நீங்கிய அழுக்கு எங்கே போயிற்று. அதை ஏற்றுக்கொண்டவர் யார்? எந்தச் சலவை முறையும் அழுக்கை இல்லாமற் செய்வதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்திற்கு மாற்றுகிறது. நீர், பெட்ரோலியம், குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் எனத் தொடர்ந்த இவ்வரலாற்றில் அண்மையில் வந்து சேர்ந்திருப்பது, அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்ட கரிவளி. நாம் வெளிவிடும் மூச்சிலும் சோடா நீரிலும் உள்ள அதே கார்பன் டை ஆக்சைடுதான் அது. நாம் எழுப்பிய கேள்விக்கு அது என்ன விடை தருகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

உவர்மண்ணும் வெள்ளாவியும்

தமிழர் வாழ்வில் வெளுத்தல் மிகப் பழைய தொழில். துணி வெளுக்கும் புலைத்தியைச் சங்கப் பாடல்கள் குறிப்பிடுகின்றன. பெரிய புராணம் போற்றும் அறுபத்து மூவருள் ஒருவரான திருக்குறிப்புத் தொண்டர், காஞ்சிபுரத்தில் ஏகாலியர் குலத்தில் தோன்றி அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுத்தவர். சென்னையின் வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடமாதலால் அப்பெயர் பெற்றது.

அவர்கள் கையாண்ட முறை வெள்ளாவி. உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணிகளை நனைத்து, பெரிய பானைகளின்மேல் அடுக்கி, இரவு முழுவதும் நீராவியில் வேகவைப்பர். விடிந்ததும் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து, அலசி, கஞ்சியிட்டு, வெயிலில் உலர்த்துவர். இன்றைய வேதியியல் இதனை எளிதாக விளக்குகிறது. உவர்மண்ணில் உள்ள முதன்மையான பொருள் சோடியம் கார்பனேட்டு. அது காரத்தன்மை உடையது. துணியிலுள்ள கொழுப்பை வெப்பத்தின் துணையால் சவர்க்காரமாக மாற்றி நீரில் கரையச் செய்கிறது. கார்பனேட்டு என்பதோ கரிவளி ஓர் உப்பாகப் பிணைந்து நிற்கும் வடிவம். ஆகவே, கரிவளி சலவைத் தொழிலுக்கு முற்றிலும் புதிய விருந்தாளி அன்று. மண்ணில் கட்டுண்ட நிலையில் அது வெள்ளாவிப் பானையிலேயே இருந்தது.

அழுக்கு எங்கே போயிற்று? ஆற்றுக்குப் போயிற்று. அதனுடன் இன்னொன்றையும் நாம் சொல்லியாக வேண்டும். பிறர் உடலின் அழுக்கைக் கையால் தொட்டு நீக்கியவர்களைச் சமுதாயம் தாழ்ந்தவர் என்று ஒதுக்கியது. காரத்தில் வெடித்த கைகளும் நாள்முழுதும் நீரில் நின்ற கால்களும் அவர்கள் செலுத்திய விலை. துணி தூய்மை பெற்றது; துணியைத் தூய்மை செய்தவரோ தீட்டு உடையவர் எனப்பட்டார்.

இத்தொழில் கடல் கடந்தும் வந்தது. பினாங்கின் ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்திலும் சிங்கப்பூரிலும் ‘டோபி காட்’ என்னும் பெயர் வழங்குவது, இந்தியச் சலவைத் தொழிலாளர் அங்கே வண்ணாந்துறை அமைத்து உழைத்ததன் சுவடு. இந்தியில் வண்ணாரைக் குறிக்கும் ‘தோபி’ என்ற சொல் மலாய் மொழியில் ‘டோபி’யாகி, இன்று எல்லாச் சலவைக் கடைகளுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. சுங்கை பட்டாணியில் காசு போட்டு இயக்கும் தானியங்கிச் சலவைக் கடையின் பெயர்ப்பலகையிலும் அச்சொல்லே இருக்கிறது. ஆற்றில் நின்ற மனிதரின் பெயர் இயந்திரங்கள் நிற்கும் கடைக்குப் பெயராயிற்று.

நீருக்கு அசையாத கறை

வெள்ளாவிக்கு எல்லைகள் இருந்தன. பருத்தி காரத்தைத் தாங்கும். பட்டும் கம்பளியும் தாங்கா. அவை விலங்குப் புரதத்தால் ஆனவை. காரமும் கொதிநீரும் அவற்றைச் சுருக்கிச் சிதைக்கும். மேலும், நீருக்கு அசையாத கறைகளும் உண்டு.

அத்தகைய கறை ஒன்றைத் தோட்டத்து மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பால்மரம் சீவுவோரின் உடுப்பில் தெறித்த பால் உலர்ந்துவிட்டால், தோல்போல் ஒட்டிக் கறுத்துப் போகும். எத்தனை முறை சவர்க்காரமிட்டுத் துவைத்தாலும் அது போகாது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தொட்டுத் தேய்த்தால்தான் இளகும். காரணம் எளியது: ரப்பர் நீரை விரும்பாத பொருள்; எண்ணெய் போன்ற நீர்மங்களையே ஏற்கும். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது வேதியியலின் முதற்பாடங்களுள் ஒன்று.

இப்பாடம் தொழிலாக மாறிய காலம் நம் கவனத்திற்குரியது. 1823இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மாக்கின்டோஷ், நிலக்கரித் தாரிலிருந்து வடித்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அதை இரு துணிகளுக்கிடையே பூசி மழைக்கோட்டுத் துணி செய்வதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1821 மார்ச்சில், நியூயார்க்கில் தையற்கடை நடத்திய தாமஸ் ஜென்னிங்ஸ், ‘உலர் துப்புரவு’ என்னும் சலவை முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவராக அவர் அறியப்படுகிறார். அவருடைய ஆவணம் 1836இல் காப்புரிமை அலுவலகத்தில் ஏற்பட்ட தீயில் அழிந்தது. ஆனால் அத்தொழிலில் ஈட்டிய பணத்தைத் தம் குடும்பத்தாரின் விடுதலைக்கும் அடிமைமுறை ஒழிப்பு இயக்கத்திற்கும் அவர் செலவிட்டார் என்பது வரலாற்றில் நிலைத்துவிட்டது.

அதே 1821இல் இலண்டனில் மைக்கேல் ஃபாரடே, கார்பனும் குளோரினும் சேர்ந்த பெர்குளோரோஎத்திலீன் என்னும் நீர்மத்தை முதன்முதலாக ஆக்கினார். 1823இல் அவரே, மூடிய கண்ணாடிக் குழாய்களில் பல வாயுக்களை நீர்மமாக்கிக் காட்டினார். அவற்றுள் கரிவளியும் ஒன்று. பின்னாளில் உலகின் உலர்சலவைக் கடைகளை ஆண்ட கரைப்பானும், அதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட கரைப்பானும் இரண்டே ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதரின் கையில் தோன்றின. அவற்றால் துணி வெளுக்கலாம் என்ற எண்ணம் அப்போது எழவில்லை. நம் கெடாவிலோ அந்த 1821ஆம் ஆண்டு, சயாம் படையெடுப்பின் ஆண்டாக நினைவில் நிற்கிறது.

உலர்சலவையும் அதன் விலையும்

உலர்சலவை உலர்ந்ததன்று. நீர் பயன்படுவதில்லை என்பதே அச்சொல்லின் பொருள். துணிகள் கரைப்பானில் நன்றாகவே நனைகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டர்பன்டைன், பென்சீன், நாப்தா, பெட்ரோல் ஆகியவை அடுத்தடுத்துப் பயன்பட்டன. இவை கறையை நீக்கின. கூடவே கடைகளையும் எரித்தன. தீ விபத்துகளைக் குறைக்கும்பொருட்டு, எளிதில் தீப்பற்றாத ‘ஸ்டாடார்டு கரைப்பான்’ என்னும் பெட்ரோலிய வடிநீர்மத்திற்கு 1928இல் அமெரிக்காவில் தரநிலை வகுக்கப்பட்டது.

தீயே பற்றாத கரைப்பானைத் தேடியபோது குளோரின் சேர்மங்கள் முன்வந்தன. முதலில் கார்பன் டெட்ராகுளோரைடு. அது கல்லீரலைக் கெடுக்கும் கொடிய நஞ்சு. பின்னர் 1930களிலிருந்து, ஃபாரடே ஆக்கிய பெர்குளோரோஎத்திலீன். தொழிலாளர் அதைச் சுருக்கமாக ‘பெர்க்’ என்பர். அது தீப்பற்றாது, கொழுப்பை நன்றாகக் கரைக்கும், காய்ச்சி வடித்து மீண்டும் பயன்படுத்தலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் உலர்சலவை என்றாலே பெர்க் என்றாயிற்று.

இப்போது அழுக்கு எங்கே போயிற்று? பெர்க், நீரைவிட 1.6 மடங்கு அடர்த்தி உடையது. தரையில் சிந்தினால் ஆவியானது போக எஞ்சியது மண்ணுள் இறங்கி, நிலத்தடி நீரையும் கடந்து அடியில் தங்கும். பல்லாண்டுகள் அங்கிருந்தே நீரில் சிறிது சிறிதாகக் கரையும். கடையில் நாள்தோறும் அதன் ஆவியை மூச்சில் இழுக்கும் தொழிலாளிக்குத் தலைச்சுற்றலும் நரம்புத் தளர்ச்சியும் கல்லீரல், சிறுநீரகக் கேடும் நேரும். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ள பொருளாக வகைப்படுத்தியது. கலிஃபோர்னியா மாநிலம் 2007இல் முடிவெடுத்து, 2023இல் உலர்சலவையில் இதன் பயன்பாட்டை முற்றாக நிறுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2024 டிசம்பரில், பத்தாண்டுகளில் சலவைக் கடைகளிலிருந்து அதை நீக்கும் விதியை வெளியிட்டது. நம் நாட்டிலும் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள், இத்தகைய ஆலசன் கரைப்பான்களின் கழிவைக் கண்டபடி கொட்டக்கூடாத கழிவுகளுள் சேர்த்துள்ளன.

வண்ணாந்துறையில் தொழிலாளியின் கையில் விழுந்த சுமை, உலர்சலவைக் கடையில் அவருடைய கல்லீரலில் விழுந்தது. ஆற்றுக்குப் போன மாசு கிணற்றுக்குப் போயிற்று.

கரிவளி கரைப்பானான கதை

ஃபாரடே கரிவளியை நீர்மமாக்கியதற்கு முந்திய ஆண்டில், 1822இல், பிரெஞ்சு அறிஞர் சார்ல் காஞ்ஞார் த லா தூர் ஒரு விந்தையைக் கண்டார். மூடிய கலத்தில் நீர்மத்தை மிகையாகச் சூடாக்கினால், ஒரு குறிப்பிட்ட நிலையில் நீர்மத்திற்கும் ஆவிக்கும் இடையிலுள்ள எல்லையே மறைந்துவிடுகிறது. பெல்ஃபாஸ்டில் பணியாற்றிய தாமஸ் ஆண்ட்ரூஸ், கரிவளியைக் கொண்டு இதனைத் துல்லியமாக அளந்து 1869இல் வெளியிட்டார். கரிவளிக்கு அந்த எல்லை ஏறத்தாழ 31 பாகை செல்சியஸ். அதற்குமேல் எத்துணை அழுத்தினாலும் கரிவளி நீர்மமாகாது. வளியும் அல்லாத நீர்மமும் அல்லாத ஒரு பாய்மமாகிவிடும். இவ்வெல்லையே மாறுநிலை வெப்பநிலை. அங்கு வேண்டிய அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 73 மடங்கு.

1879இல் ஹன்னே, ஹோகார்த் என்னும் இருவர், மாறுநிலைக்கு மேற்பட்ட பாய்மங்கள் திண்மப் பொருள்களைக் கரைக்க வல்லவை எனக் காட்டினர். ஆயினும் அது ஆய்வுக்கூட அறிவாகவே நெடுங்காலம் இருந்தது. 1960களில் செருமனியின் மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிலையத்தில் குர்ட் சோசல், கரிவளியைக் கொண்டு காப்பிக் கொட்டையிலிருந்து காஃபினைப் பிரிக்கும் முறையை வகுத்தார். சுவை கெடாமல் ஒன்றை மட்டும் உருவி எடுக்கும் அவ்வாற்றலே துணிக்கும் பொருந்தியது. நீர்மக் கரிவளியால் துணியைத் தூய்மை செய்யும் முறைக்கு 1977இல் ரேமண்ட் மாஃபெய் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

ஓர் இடர் எஞ்சியிருந்தது. கரிவளி மூலக்கூறு நேர்கோட்டு வடிவினது. அதன் மின்னேற்றம் இருபுறமும் சமநிலையில் உள்ளது. எனவே எண்ணெயையும் கொழுப்பையும் கரைக்கும். உப்பையும் சர்க்கரையையும் வியர்வைக் கறையையும் கரைக்காது. நீரில் சவர்க்காரம் செய்யும் வேலையைக் கரிவளியில் செய்ய ஒரு பொருள் வேண்டும். ஆனால் வழக்கமான சவர்க்காரங்களும் கரிவளியில் கரைவதில்லை. வட கரோலினாவில் ஜோசப் டிசைமன் என்னும் வேதியியலாளரும் அவருடைய மாணவர்களும், புளோரின் அல்லது சிலிக்கான் சேர்ந்த சில நெடுமூலக்கூறுகள் கரிவளியில் கரைகின்றன எனக் கண்டு, அவற்றை ஒரு முனையாகக் கொண்ட பரப்புச் செயலிகளை உருவாக்கினர். இதற்கென 1997இல் அவருக்கு அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. அவரும் மாணவர்களும் தொடங்கிய மைசெல் நிறுவனத்தின் இயந்திரங்களைக் கொண்டு, 1999இல் அம்மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் ‘ஹேங்கர்ஸ்’ சலவைக் கடை திறக்கப்பட்டது.

இயந்திரத்திற்குள் நிகழ்வது

இம்முறையின் செயற்பாடு மாணவர்க்கு நல்ல பாடமாகும். துணிகளை வலிமையான எஃகுக் கலத்தில் இட்டு மூடி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுகின்றனர். பின்னர் சேமகலத்திலிருந்து நீர்மக் கரிவளி செலுத்தப்படுகிறது. 20 பாகை வெப்பநிலையில் அதை நீர்மமாக வைத்திருக்க, வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 57 மடங்கு அழுத்தம் வேண்டும். கலத்தினுள் சுழலும் கூடையோ பீய்ச்சும் குழல்களோ துணியை அலைக்கின்றன. நீர்மக் கரிவளியின் பாகுநிலை நீரினும் பத்து மடங்குக்கு மேல் குறைவு. பரப்பு இழுவிசையோ மிக மிகச் சிறிது. ஆதலால் நூலிழைகளின் இடுக்குகளில் அது தடையின்றிப் புகுகிறது.

சலவை முடிந்ததும் அழுக்கேறிய நீர்மம் வடிகலத்திற்குச் செல்கிறது. அங்கே அது வளியாக மாறி மேலெழுந்து, குளிர்ந்து, மீண்டும் நீர்மமாகிச் சேமகலத்தை அடைகிறது. அடியில் எண்ணெயும் தூசும் மட்டும் சிறு கசடாகத் தங்குகின்றன. கலத்தின் அழுத்தத்தைக் குறைத்தவுடன் துணியில் எஞ்சிய கரிவளி தானே வளியாகிவிடுவதால், வெப்பத்தால் உலர்த்த வேண்டியதில்லை. துணி குளிர்ந்த நிலையில் வெளிவரும். 2003இல் ‘கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் பல சலவை முறைகளை ஒப்பிட்டபோது கரிவளி முறை முதலிடம் பெற்றது.

நம் கேள்விக்கு இங்கே வேறொரு விடை கிடைக்கிறது. அழுக்கு ஒரு சிறு கலத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்கிறது. அதைச் சுமந்து சென்ற கரைப்பான் ஆற்றுக்கும் போகவில்லை, கிணற்றுக்கும் போகவில்லை.

கரிவளி புவி வெப்பத்தைக் கூட்டுவதல்லவா என்று மாணவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சலவைக்கென எவரும் கரிவளியைப் புதிதாக ஆக்குவதில்லை. பிற தொழில்களில் துணைப்பொருளாக வெளிப்படுவதைப் பிடித்துத் தூய்மையாக்கியே விற்கின்றனர். நமக்கு வடக்கே குருணில் 1990களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய உரத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். இயற்கை வாயுவிலிருந்து அம்மோனியா ஆக்கும்போது அங்கே கரிவளி வெளிப்படுகிறது; யூரியா செய்ய அதுவே மூலப்பொருளாகிறது. சலவை இயந்திரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு கரிவளி கசியத்தான் செய்யும். ஆனால் அது ஏற்கெனவே காற்றில் கலக்கவிருந்த கரிவளி.

கெடாவின் நண்பகலும் கடைக்காரரின் கணக்கும்

இத்துணை நன்மையிருந்தும் இம்முறை உலகெங்கும் பரவவில்லை. அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் சில கடைகள் தோன்றின. எதிர்பார்த்த அளவு பெருகவில்லை. மைசெல் நிறுவனமே பின்னர் மருத்துவக் கருவிகளின் மேற்பூச்சுத் துறைக்கு மாறிச் சென்றது.

முதற்காரணம் அழுத்தம். 57 மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் கலத்திற்குத் தடித்த எஃகும், பிழையற்ற பற்றவைப்பும், திறந்துவிடாத பூட்டமைப்பும் வேண்டும். பெர்க் இயந்திரத்தைவிட அதன் விலை மிகுதி. கலம் பழுதுபட்டால் ஆபத்து பெரிது. மூடிய அறையில் கரிவளி கசிந்தால், காற்றைவிடக் கனமான அது தரையில் தேங்கி மூச்சைத் திணறடிக்கும். அழுத்தக் கலன்களை நம் நாட்டில் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறை சோதித்துச் சான்றளிப்பது இத்தகைய இடர்களைக் கருதியே.

இரண்டாவது காரணம், நம் ஊருக்கே உரியது. ஆண்ட்ரூஸ் கண்ட எல்லை 31 பாகை. கெடாவின் நண்பகல் பெரும்பாலும் அதனைத் தாண்டிவிடுகிறது. குளிர்நாட்டில் அழுத்தம் ஒன்றாலேயே நீர்மமாக நிற்கும் கரிவளியை, இங்கே குளிரூட்டினால்தான் நீர்மமாக வைத்திருக்க இயலும். அதற்கு மின்சாரம் வேண்டும். பள்ளி அறிவியல் கூடத்தில் தொங்கும் கரிவளித் தீயணைப்பானைப் பாருங்கள். காலையில் அதனுள் நீர்மமும் வளியும் தனித்தனியே இருக்கும். கூடம் 31 பாகைக்குமேல் சூடேறிய பிற்பகலில், இரண்டிற்கும் இடையிலுள்ள எல்லை மறைந்திருக்கும். 1869இல் பெல்ஃபாஸ்டில் தடித்த கண்ணாடிக் குழாயில் காணப்பட்டது, நம் பள்ளிச் சுவரில் எவரும் பாராமல் நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது, திறனின் எல்லை. இயற்கை ரப்பர் போன்ற நெடுமூலக்கூறுகள் கரிவளியில் எளிதில் கரைவதில்லை. பட்டுப் புடவையின் எண்ணெய்க் கறையை நீக்கும் இந்த விலையுயர்ந்த இயந்திரம், பால்மரத் தொழிலாளியின் சட்டையிலுள்ள பால்கறையிடம் தோற்றுப்போகும். ஒரு தொழில்நுட்பம் யாருடைய துணியை மனத்திற்கொண்டு பிறந்தது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

எனினும் அவ்வறிவு வீண்போகவில்லை. நெதர்லாந்தின் டைகூ நிறுவனம், மாறுநிலைக்கு மேற்பட்ட கரிவளியில் பாலியெஸ்டர் துணிக்கு நீரின்றிச் சாயமேற்றும் இயந்திரத்தை உருவாக்கியது. 2010ஆம் ஆண்டளவில் நம் அண்டை நாடான தாய்லாந்தின் யே குழுமத்து ஆலை அதனை முன்னோடியாக ஏற்றுக்கொண்டது. சாயத்திற்கு வெப்பமும் மிகை அழுத்தமும் எப்படியும் வேண்டுமாதலால், சலவைக்குத் தடையாயிருந்த வெப்பம் அங்கே தடையாகவில்லை.

முடிவுரை

வெள்ளாவி, பெர்க், கரிவளி ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகிறது. முதல் இரண்டும் மலிவாக இருந்தன. அவற்றின் செலவில் ஒரு பகுதியை ஆறும், நிலத்தடி நீரும், தொழிலாளியின் உடலும் சம்பளமின்றி ஏற்றுக்கொண்டதே அதற்குக் காரணம். கரிவளி முறையில் அச்செலவு முழுவதும் இயந்திரத்தின் விலையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அதனால்தான் அது விலை மிகுந்ததாகத் தோன்றுகிறது. பெர்க்கை விலக்கும் சட்டங்கள் செய்வதெல்லாம், மறைந்திருந்த செலவைக் கணக்கேட்டில் ஏற்றுவதே.

தமிழில் ‘மாசு’ என்னும் சொல் முன்னர் துணியிலும் மணியிலும் படிந்த அழுக்கைக் குறித்தது. இன்று அதே சொல்லால் ஆறும் காற்றும் கெடுவதைக் குறிக்கிறோம். இரண்டும் ஒரே பொருளின் இருவேறு இருப்பிடங்கள் என்பதை மொழி நமக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறது. ஆசிரியர்கள் கரைப்பான்களைப் பற்றிய பாடத்தை நடத்தும்போது, எது நன்றாகக் கரைக்கும் என்ற கேள்வியோடு, கரைந்தது பின்னர் எங்கே போகும் என்ற கேள்வியையும் மாணவர்முன் வைக்க வேண்டுகிறோம். வேதியியல் நூல் முதற்கேள்விக்கு விடை தரும். இரண்டாவதற்கு மாணவர்கள் மெர்போக் ஆற்றங்கரைக்கும் சலவைக் கடையின் பின்புறத்திற்கும் சென்று பார்க்க வேண்டியிருக்கும்.